கமாண்டோ கனவும் கணைக்கால் எலும்பும்

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். வயது 20, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ராணுவத்தின் பாரா ஸ்பெஷல் ஃபோர்ஸ் அல்லது கடற்படையின் மார்கோஸ், இந்த இரண்டு கமாண்டோ படைகளில் ஒன்றில் சேர வேண்டும் என்பது என் ஆசை. 1.6 கிலோமீட்டரை 6 நிமிடம் 20 விநாடியில் ஓடுகிறேன், எட்டு புல்-அப்ஸ் எடுப்பேன். நண்பர்களோடு சில்வர் பீச்சில் மணல் மூட்டை சுமந்து ஓடுகிறோம். வாரம் ஒரு ராத்திரி தூங்காமல் இருந்தும் பழகுகிறோம். ஒரு மாதமாக முழங்காலுக்குக் கீழே வலி. உடம்பையும் மனதையும் எப்படித் தயார் செய்வது?

மணல் மூட்டையை இன்றைக்கே இறக்கி வையுங்கள், தம்பி. ராத்திரி முழிப்பதையும் விட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்து உங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கின்றன. பிசியோதெரபிஸ்ட்டாக நான் பார்க்கும் பையன்களில், ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்த வேகத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்து, சில வாரத்திலேயே நொண்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். நெஞ்சில் தம் இருக்கும், கால் ஒத்துழைக்காது.

முதலில் அந்த வலியைப் பார்ப்போம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பின் உள்பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும் வலி உடம்பு சூடானதும் குறைந்தால், அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, கெண்டைக்கால் தசையை வலுவாக்கினால் சரியாகிவிடும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடம் குத்தினாலோ, படுத்த பிறகும் விண்விண் என்று தெறித்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே நார்மல் என்றதும் ஓடக் கிளம்பிவிடாதீர்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். விரிசல்தான் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. சைக்கிளும் நீச்சலும்தான்.

இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் உங்களுக்கே புரியும். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கு மாதங்கள் ஆகும். புதுச் சுமை வந்ததும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கிறது, அதன் பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நம் பையன்களுக்குத் தெம்பு வந்த மாதிரி இருக்கும், மூட்டையைத் தூக்குவார்கள். போதாததற்கு, கடற்கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே ஓடினால் வலது கால் எப்போதும் பள்ளத்தில், இடது கால் மேட்டில். வெறும் காலில், இளகிய மணலில், தோளில் இருபது கிலோவோடு ஓடினால் எந்தக் கால் தாங்கும்?

அடுத்தது, போகும் பாதை. கடலூரிலிருந்து நேராக கமாண்டோ ஆவதற்கு வாசல் எதுவும் இல்லை. பாரா ஸ்பெஷல் ஃபோர்ஸ் என்றால் முதலில் ராணுவத்தில் சேர வேண்டும். பாராசூட் ரெஜிமென்ட்டுக்கே தேர்வாகியோ, வேறு படைப்பிரிவிலிருந்து விருப்பம் தெரிவித்தோ, அப்புறம்தான் ப்ரொபேஷன் என்னும் சில மாதச் சோதனைக் காலம். அங்கேதான் பெரும்பாலோர் திரும்பி வருவார்கள். விமானத்திலிருந்து குதிக்கும் பயிற்சி ஆக்ராவில். மார்கோஸ் என்றால் முதலில் மாலுமியாக ஒடிசாவின் ஐஎன்எஸ் சில்காவில் அடிப்படைப் பயிற்சி முடித்து, பிறகு விருப்பம் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய தளம் மும்பையில் உள்ள ஐஎன்எஸ் அபிமன்யு. நீங்கள் பட்டப்படிப்பை முடிக்கப் போகிறவர் என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது: அதிகாரிகளுக்கான சிடிஎஸ் எழுத்துத் தேர்வு எழுதி, எஸ்எஸ்பி என்னும் நேர்முகத் தேர்வில் தேறினால் நம் பரங்கிமலையிலேயே அதிகாரிப் பயிற்சி. அங்கிருந்தும் ஸ்பெஷல் ஃபோர்ஸுக்கு விருப்பம் தெரிவிக்கலாம். டிகிரியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். நடுவில் எவனாவது 'மேலே ஆள் இருக்கிறது, மூன்று லட்சம் கொடு' என்று வந்தால் காவல் நிலையத்தைக் காட்டுங்கள். விண்ணப்பக் கட்டணம் தவிர ஆள்சேர்ப்புக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, இந்த ஒரு வருடத்துக்கு உங்கள் இலக்கு ஸ்பெஷல் ஃபோர்ஸ் கிடையாது. முதல் வாசலை நல்ல மதிப்பெண்ணோடு தாண்டி, உடையாத காலோடு பயிற்சி மையத்துக்குப் போய்ச் சேர்வது, அவ்வளவுதான். ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்வதற்கான அக்னிவீர் உடல் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு 60 மதிப்பெண். பத்து புல்-அப்ஸுக்கு 40. ஒன்பது அடி பள்ளத்தைத் தாண்ட வேண்டும், வளைந்து வளைந்து போகும் கட்டையில் விழாமல் நடக்க வேண்டும்.

ஐந்தரை நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 82 விநாடி. இப்போது உங்கள் வேகம் 95 விநாடி. கால் வலி முழுதாகப் போன பிறகு, வாரம் ஒரு நாள் மட்டும் அண்ணா விளையாட்டு மைதானத்தில் 90 விநாடிக்கு ஒரு சுற்று ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள். இப்படி நான்கு முறை. மூச்சு வாங்கினாலும் நான்காவது சுற்றும் அதே 90-ல் முடிந்தால், அடுத்த வாரம் ஐந்து, அதற்கடுத்து ஆறு. ஆறும் ஒரே நேரத்தில் வந்த பிறகுதான் 88-க்கு இறங்க வேண்டும். முதல் சுற்றை 78-ல் பறந்து கடைசிச் சுற்றை 100-ல் இழுத்தால் அது பயிற்சிக் கணக்கில் வராது. வாரத்தில் இன்னும் இரண்டு மூன்று நாள் மெதுவோட்டம், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேசும் வேகத்தில். பையன்களுக்கு இந்த மெதுவோட்டம் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் எலும்பும் இதயமும் அதில்தான் வளர்கின்றன. மேட்டு ஓட்டத்துக்கு கேப்பர் மலைப் பக்கம் போங்கள்; ஏறும்போது ஓட்டம், இறங்கும்போது நடை.

சுமை எப்போது? வலியில்லாமல் மூன்று மாதம் ஓடிய பிறகு. ராணுவத்தில் பிட்டூ என்று சொல்லும் முதுகுப்பையோடு வாழ்க்கையே ஓடும். ஆயுதத்தோடும் முழு உடுப்போடும் ஓடும் பயிற்சியும் உண்டு. அதை அவர்கள் அங்கே பழக்கிக்கொள்வார்கள். நீங்கள் இப்போது நடந்தால் போதும். நல்ல முதுகுப்பையில் அடியில் துணியைத் திணித்து, ஆறு கிலோ அரிசிப் பையை மேலே, முதுகோடு ஒட்டி வையுங்கள். சுமை கீழே தொங்கினால் இடுப்பு முன்னால் வளைந்து முதுகு வலிக்கும். வாரம் ஒரு முறை நான்கைந்து கிலோமீட்டர். எடை, தூரம், வேகம் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். வருடக் கடைசியில் பதினைந்து கிலோவோடு பத்து கிலோமீட்டர் வேகமாக நடந்தால் தாராளம். குதிகால் சூடாகிக் கரகரவென்று உறுத்தும்போதே நின்று, காலுறையைக் கழற்றித் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்றால் கொப்புளம்தான்.

உடல் பலத்துக்கு ஜிம் கட்டாயமில்லை. புல்-அப்ஸ், கயிறு ஏறுதல், ஒற்றைக் காலில் படி ஏறுதல், இரண்டு கையிலும் 20 லிட்டர் தண்ணீர் கேன் தூக்கி நடப்பது போதும். முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை தினம் செய்யுங்கள். உங்கள் கணைக்கால் எலும்பைத் தாங்கும் தசை அதில்தான் தேறும். பந்தயம் கட்டி ஒரே நாளில் ஐந்நூறு தோப்புக்கரணம் போடும் வேலை வேண்டாம். அடுத்த நாள் தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மார்கோஸ் ஆசை இருப்பதால் தண்ணீர் பற்றி ஒன்று. கடலோரத்தில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாதா என்ற தைரியத்தில் சில்வர் பீச்சில் இறங்காதீர்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்துபவர்களையும் கொண்டுபோயிருக்கிறது. பயிற்சியாளரும் உயிர்காப்பாளரும் இருக்கும் குளத்தில் நீந்துங்கள். கை காலைக் கட்டிக்கொண்டு நீந்தும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் முக்குளிப்பவர்கள் நிற்க நடக்கும் பயிற்சி அது. இன்னொன்று இதைவிட ஆபத்து: தண்ணீருக்குள் மூச்சடக்கும் போட்டி. வேகவேகமாக மூச்சு விட்டுவிட்டு மூழ்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு விடு என்று மூளைக்குச் சொல்வதே அதுதான். சொல்ல ஆள் இல்லாமல் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயக்கம் வரும். இடுப்பளவு தண்ணீரிலேயே உயிர் போகும். தனியாக இதைச் செய்யவே கூடாது.

வெயில் நமக்குப் பழக்கம்தான், ஆனாலும் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். ஓடும்போது ஒருவன் உளறினால், தள்ளாடினால், முதலில் அவன் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் இன்னொருவர் செய்யட்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்காமல் உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் பவுடர் டப்பா தேவையில்லை. முதுநகர்க்காரருக்கு மத்தி மீனும் வேர்க்கடலையும் முட்டையும் சுண்டலும் கிடைக்காதா என்ன! ஜிம்மில் ஊசி போடச் சொன்னால் அந்த ஜிம்மையே மாற்றுங்கள்.

மனதுக்கு வருவோம். தூக்கமில்லாமல் இருப்பது பழகினால் வரும் பலம் என்று நினைக்கிறீர்கள். தூங்காத உடம்பு அதற்குப் பழகுவதில்லை. பழகிவிட்டதாக நமக்குத் தோன்றும், அவ்வளவுதான். எலும்பும் தசையும் தேறுவது தூக்கத்தில். இப்போது எட்டு மணி நேரம் தூங்குங்கள். முழிக்க வைக்க அங்கே ஆள் இருக்கிறார்கள்.

ப்ரொபேஷனில் ஆளை உடைப்பது வலியைவிட, எப்போது முடியும் என்று தெரியாததுதான். பத்து கிலோமீட்டர் என்று சொன்னால் எவனும் ஓடிவிடுவான். முடித்து, திரும்பக் கூட்டிப்போகும் லாரியைக் கண்ணால் பார்த்த பிறகு 'இன்னொரு தடவை' என்று சொல்லும்போதுதான் கை தூக்குவார்கள். இதை இங்கேயே பழகலாம். மாதம் இரண்டு முறை, உங்கள் மெதுவோட்ட நாளில், எங்கே நிறுத்துவது என்பதை ஒரு நண்பர் முடிவு செய்யட்டும். அவர் சைக்கிளில் வரட்டும், உங்கள் கையில் கடிகாரம் வேண்டாம். நாற்பது நிமிடத்தில் 'போதும்' என்பார், செருப்பை மாட்டியதும் 'இன்னும் பதினைந்து நிமிடம்' என்பார். அப்போது உள்ளுக்குள் எழும் எரிச்சல் இருக்கிறதே, அதோடுதான் உங்களுக்கு வேலை. மொத்தத்தையும் நினைக்காமல் அடுத்த மின்கம்பம், அதற்கடுத்த கம்பம் என்று கணக்கை வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பதற்றம் ஒரு படி இறங்கும். ஆனால் வலி வேறு, எரிச்சல் வேறு. கணைக்காலில் அந்த நாணயம் அளவு வலி திரும்பினால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, நண்பர் என்ன சொன்னாலும் சரி.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன்: இந்தி. அரசியலை விடுங்கள், கட்டளை அந்த மொழியில்தான் வரும். உஸ்தாத் (பயிற்சி தருபவர்) கத்துவது புரியாமல் அரை விநாடி தாமதமாகத் திரும்பியதற்கே ரகடா (தண்டனைப் பயிற்சி) வாங்கி மனம் நொந்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. ஒரு வருடத்தில் பேச்சு இந்தி வந்துவிடும். அது மனதுக்குக் கொடுக்கும் தெம்பு பச்சைத் தண்ணீர்க் குளியலில் வராது.

பக்கத்திலேயே ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு முன்னாள் படைவீரர் இருப்பார். புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்களும் உண்டு. போய் உட்கார்ந்து பேசுங்கள். துப்பாக்கிக் கதை கேட்காமல், காலை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள், கூட இருந்தவன் விழுந்தால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அணியில் யாருடைய பையையும் வாங்கிச் சுமக்காத பலசாலியை அங்கே யாருக்கும் பிடிக்காது என்பதை அவர்களே சொல்வார்கள்.

கடைசியாக ஒரு சின்ன செலவு. இத்தனை உழைத்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருவது கொடுமை. அதனால் ஓட்டத்துக்கு முன்னாலேயே ஒரு மருத்துவரிடம் காட்டி தட்டைப் பாதம், முட்டிக்கொள்ளும் முழங்கால், நிறப்பார்வை, விரைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம் இவற்றைப் பார்த்துவிடுங்கள். கையில் பச்சை குத்தும் யோசனை இருந்தால் விதிமுறையைப் படிக்கும்வரை தள்ளிப்போடுங்கள். காதை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், ஊக்கும் தீக்குச்சியும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்தால் ஆழ்கடலில் முக்குளிக்கும் மார்கோஸ் கதவு அங்கேயே மூடிவிடும்.