அப்பாவின் சுருக்குப்பை

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 58 வயது, விவசாயி. சாப்பிட்டதும் வெற்றிலை போட ஆரம்பித்தவர், இப்போது எந்நேரமும் போயிலையை அதக்கிக்கொண்டே இருக்கிறார். கேட்டால், "நான் என்ன குடிக்கிறேனா? தாத்தா காலத்துப் பழக்கம்" என்கிறார். இது பழக்கமா, அடிமையாகிவிட்டாரா?
– ஒரு மகள், மேலூர்

பதில்: தங்கச்சி, எங்கள் அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொல்வார். செல்லூரில் தறி ஓட்டினார். இடுப்பில் சுருக்குப்பை, அதற்குள் சோழவந்தான் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பா, ஒரு துண்டு போயிலை. நாங்களும் பழக்கம் என்றே விட்டுவிட்டோம்.

அத்தை இறந்த அன்று, குளிப்பாட்டிவிட்டுப் பிறந்த வீட்டுக் கோடி போட அவருடைய அண்ணனான எங்கள் அப்பாவைத் தேடினார்கள். ஆளைக் காணோம். நான்தான் ஓடினேன். தெருமுனைப் பெட்டிக்கடை வாசலில் நின்றார். போயிலையைக் கிள்ளுகிற விரல் நடுங்கி, பாதி கீழே உதிர்ந்தது. "முடியல ஆத்தா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எத்தனை தடவை போடுகிறார் என்று எண்ணாதே. அது கிடைக்காதபோது ஆள் என்ன ஆகிறார் என்று பார். காலைக் காபி தவறினால் எனக்கும் தலை வலிக்கும்; அதற்காகக் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடமாட்டேன். கெடுதல் என்று தெரிந்தும், விட நினைத்தும் முடியாமல், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று ஆகிவிட்டால் அவர் அடிமைதான். போயிலையிலிருக்கும் நிகோடின் அதைச் செய்யக்கூடியது.

ஆனால் அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதே, வீம்பு வந்துவிடும். முதலில் வாயைத் திறந்து மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்கச் சொல். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டால் எரிகிறது என்றாலோ உடனே பல் டாக்டரிடம் காட்டு. போயிலை இல்லாமல் வெறும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. போயிலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நிறுத்தினால் முதல் மூன்று நாலு நாள்தான் ரொம்பக் கஷ்டம். சிடுசிடுப்பார், தூங்கமாட்டார். மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அறுப்பு நேரத்தில் ஆரம்பிக்காமல், வேலை குறைந்த வாரமாகப் பார். 1800-11-2356 என்ற எண்ணுக்கு அவரையே பேசவை. புகையிலையை விட உதவும் அரசு எண், காசு கிடையாது.

எங்கள் அப்பா விட்டபோது அதே சுருக்குப்பையில் அம்மா கிராம்பும் ஏலக்காயும் போட்டு வைத்தார். வருஷக்கணக்கான பிறகும் சாப்பிட்டு எழுந்தால் கை இடுப்புக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தை நாங்கள் யாரும் தடுக்கவில்லை. நீயும் கொஞ்சம் கிராம்பு வாங்கி வை.