ரூட்டர் மூன்று இருந்தும் போன் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்பது ஏன்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் நண்டு கம்பெனி நடத்துகிறோம். முன்னால் ஆபீஸ், பக்கத்தில் எடை போடும் கொட்டகை, பின்னால் ஐஸ் ரூம். மூன்று இடத்திலும் வைஃபை ரூட்டர் வைத்து, ஒயர் இழுத்து, ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் ஆபீஸில் வாட்ஸ்அப் கால் பேசிக்கொண்டே கொட்டகைக்குப் போனால் குரல் உடைகிறது, கொஞ்ச நேரத்தில் கட் ஆகிறது. தலைக்கு மேலே ரூட்டர் இருக்க, போனில் இரண்டு கோடுதான் காட்டுகிறது. டேப்லெட்டில் பில் ஆப் சுற்றிக்கொண்டே இருக்க, நண்டு கொண்டுவந்தவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். ஆன்டெனா அதிகமுள்ள, பவரான ரூட்டராக மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். குரல் உடைவதற்கே ஆபீஸ் ரூட்டரின் பவர் தேவைக்கு மேல் இருப்பதுதான் காரணமாக இருக்கும். இன்னும் பவரானதை வைத்தால் தொல்லை கூடும். கால் கட் ஆவது வேறு கோளாறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பாம்பன் பாலத்தில் பஸ்ஸில் பேசிக்கொண்டே போகும்போது பேச்சு ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறுவது நமக்குத் தெரிவதேயில்லை. அங்கே எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது செல் நெட்வொர்க். போன் சிக்னலை அளந்து சொல்லும், உத்தரவு அந்தப் பக்கமிருந்து வரும். வைஃபையில் அப்படிக் கிடையாது. எதைப் பிடித்துக்கொள்வது, எப்போது விடுவது, எதற்குத் தாவுவது, எல்லாமே போனின் முடிவு. ரூட்டர் யோசனை சொல்லலாம், பொறுக்க முடியாவிட்டால் இணைப்பைத் துண்டித்து வெளியே தள்ளலாம். அடுத்த ரூட்டரில் கொண்டுபோய் உட்காரவைக்க அதனால் முடியாது.

போன் எதை வைத்து முடிவெடுக்கிறது? சிக்னலை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகப் பார்க்கிறது. பூஜ்யத்துக்குக் கிட்டே வர வரப் பலம் அதிகம். மைனஸ் 45 என்றால் அருமை, மைனஸ் 67 வரை பேச்சுக்குக் குறைவிருக்காது, மைனஸ் 80 என்றால் இழுபறி. ஐபோன் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஆப்பிள் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது: இருக்கும் ரூட்டரின் சிக்னல் மைனஸ் 70-க்குக் கீழே இறங்கினால்தான் வேறு ரூட்டரைத் தேடவே தொடங்கும். தேடிக் கிடைத்தது, பேசிக்கொண்டிருக்கும்போது 8 டெசிபலாவது, சும்மா இருக்கும்போது 12 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் தாவும். ஆண்ட்ராய்டில் இந்த எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வழி ஒன்றுதான்.

இதை உங்கள் கொட்டகையில் வைத்துப் பாருங்கள். ஆபீஸ் ரூட்டர் முழு பவரில் இருப்பதால் அதன் சிக்னல் கொட்டகை வரை மைனஸ் 66-ஆக வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மேலுள்ளது மைனஸ் 45. வித்தியாசம் 21 டெசிபல். ஆனாலும் போன் தலையைத் தூக்கிப் பார்க்காது. 66 இன்னும் 70-ஐத் தாண்டவில்லை, ஆகவே அதன் கணக்கில் எல்லாம் நலம்.

சரி, மைனஸ் 66 நல்ல சிக்னல்தானே, பேச்சு ஏன் உடைகிறது? கோடு காட்டுவது ரூட்டர் சொல்வது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான். போன் சொல்வது ரூட்டருக்குக் கேட்கிறதா என்பதை அது காட்டாது. ரூட்டர் 20 டிபிஎம் அளவுக்கு அனுப்பும், பேட்டரியில் ஓடும் போன் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே அனுப்பும். திருவிழா மைக்செட் நாலு தெருவுக்குக் கேட்கும், அங்கிருந்து நீங்கள் பதிலுக்குக் கத்தினால் மைக்கில் பேசுகிறவருக்குக் கேட்குமா? அந்தக் கதைதான். நடுவில் தகரம் வேறு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே ஆபீஸ் ரூட்டரின் செட்டிங்கில் டிரான்ஸ்மிட் பவர் என்று இருப்பதைக் குறையுங்கள். பல வீட்டு ரூட்டர்களில் அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று நிலை இருக்கும். வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிக தூரம் போகும் என்பதால் அதைக் குறைவிலும், 5 கிகாஹெர்ட்ஸை நடுத்தரத்திலும் வைத்துத் தொடங்கலாம். பவரை 10 டெசிபல் குறைத்தால் மேலே சொன்ன மைனஸ் 66 மைனஸ் 76 ஆகிவிடும். கொட்டகைக்குள் நுழையும்போதே போன் தேடத் தொடங்கும், தலைக்கு மேலுள்ளதைக் கண்டதும் தாவும். ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது வைஃபை அனலைசர் ஆப் போட்டு நடந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவழியில் இரண்டும் மைனஸ் 65 பக்கம் தெரிய வேண்டும், கொட்டகைக்குள் ஆபீஸ் மைனஸ் 75-க்குக் கீழே போயிருக்க வேண்டும். ரொம்பக் குறைத்துவிட்டால் நடுவில் சிக்னல் இல்லாத பொட்டல் விழும், அதையும் இந்த நடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இனி கால் கட் ஆவது. ஆபீஸில் நின்று போனின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் போனுக்குக் கிடைத்த எண்) கேட்வேயையும் (போனை வெளியே இணைக்கும் ரூட்டரின் எண்) பாருங்கள். கொட்டகைக்குப் போய் அங்குள்ள ரூட்டரில் இணைந்தபின் மறுபடி பாருங்கள். ஆபீஸில் 192.168.1 என்று தொடங்கியது கொட்டகையில் 192.168.0 என்று மாறினால், நீங்கள் வைத்திருப்பது ஒரு நெட்வொர்க் அல்ல, ஒரே பெயரில் மூன்று. தாவியதும் போனுக்குப் புது முகவரி கிடைக்கிறது, பழைய முகவரியில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு அறுந்துபோகிறது. வாட்ஸ்அப் மீண்டும் இணைக்கப் பார்க்கும், அதற்குள் எதிரில் இருப்பவர் வைத்துவிடுவார். பில் ஆப் சுற்றிக்கொண்டு நிற்பதும் இதனாலேயே இருக்கலாம். ரூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே இணைய ஒயருக்கான வான் (WAN) போர்ட்டில் ஒயரைச் செருகிவிட்டுப் போகிற வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது.

இணையம் வந்து சேருகிற ஆபீஸ் ரூட்டர் மட்டும் ரூட்டராக இருக்கட்டும். மற்ற இரண்டையும், தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோடு இல்லாத பழைய ரூட்டர் என்றால் அதில் முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைத்து, ஆபீஸ் ரூட்டரின் வரிசையிலேயே வேறொரு முகவரி கொடுத்து, ஒயரை வான் போர்ட்டிலிருந்து கழற்றி, உள் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட்டில் செருகுங்கள். பாதுகாப்பு வகையும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் டபிள்யூபிஏ2, இன்னொன்றில் டபிள்யூபிஏ3 என்று இருந்தால் பாஸ்வேர்டு ஒன்றாக இருந்தும் சில போன்கள் முரண்டு பிடிக்கும்.

சேனல், அதாவது ஒரு ரூட்டர் பேசும் அலைத் துண்டு: 2.4-இல் மூன்றுக்கும் 1, 6, 11 என்று பிரித்துக் கொடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5-இல் 36-இலும் 149-இலும் தொடங்கும் வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடையிலுள்ள 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ராடார் அலை கேட்டால் ரூட்டர் ஒதுங்கி வழிவிட வேண்டும், போனும் அவற்றைத் தேட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். கடற்கரையில் அந்த வம்பு எதற்கு?

ஐஸ் ரூம் தனி ரகம். அதன் சுவரான, நுரை அடைத்த பஃப் பேனலின் இரண்டு பக்கமும் உலோகத் தகடு, கதவும் அப்படியே. கதவு சாத்தினால் சிக்னல் படிப்படியாக இறங்காது, பொத்தென்று விழும். போனுக்குத் தேட நேரமே இருக்காது. எத்தனை ரூட்டர் வைத்தாலும் வெளியிலிருந்து உள்ளே பேச்சு கொண்டுபோக முடியாது. உள்ளே ரூட்டரை வைக்கவும் யோசிக்காதீர்கள், குளிரும் கதவு திறக்கும்போது கோக்கும் ஈரமும் அதைச் சாப்பிட்டுவிடும். கதவுக்கு எதிரே, வெளிச் சுவரில், கதவைப் பார்த்தபடி மாட்டுங்கள். ஸ்டாக் எழுதுவதைக் கதவுக்கு வெளியே நின்று எழுதச் சொல்லுங்கள்.

நல்ல ஆக்சஸ் பாயின்ட்களில் 802.11கே, வி, ஆர் என்று மூன்று வசதி இருக்கும். கே, பக்கத்தில் யார் யார் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் போனுக்குத் தரும். போன் எல்லாச் சேனலையும் துழாவ வேண்டியதில்லை, தாவும்போது நேரம் வீணாவது பெரும்பாலும் அந்தத் துழாவலில்தான். வி, 'அங்கே போனால் உனக்கு நல்லது' என்ற யோசனை. ஆர், தாவும்போது சாவி பரிமாறும் வேலையைச் சுருக்கும். கே, வி இரண்டையும் போட்டுவிடுங்கள். ஆர் போட்டால் சில பழைய கருவிகள் இணையவே மாட்டேன் என்கும், ஆகவே அதைக் கடைசியில், எல்லாக் கருவியும் இணைகிறதா என்று பார்த்துக்கொண்டே போடுங்கள். சிக்னல் குறைந்தால் வெளியே தள்ளும் மினிமம் ஆர்எஸ்எஸ்ஐ வசதியை, பவரையும் முகவரியையும் சரிசெய்யும் வரை தொடாதீர்கள். போக வேறு நல்ல இடம் இல்லாத மூலையில் அது போனைத் தள்ளுவதும் போன் திரும்பி வருவதுமாகவே கிடக்கும்.

நம் ஊர் உப்புக்காற்றையும் சொல்ல வேண்டும். ஒயர் முனையிலுள்ள ஆர்ஜே45 பின்னில் பச்சை பூத்து ஒயர் செத்துப்போனாலும், ஆக்சஸ் பாயின்டுக்குக் கரன்ட் வேறு வழியில் வந்துகொண்டிருந்தால் அது தன் பெயரை ஒலிபரப்பிக்கொண்டேயிருக்கும். போன் சந்தோஷமாக அதற்குத் தாவி, முழுக் கோட்டோடு, இணையமில்லாமல் நிற்கும். ஒயரிலேயே கரன்ட் தரும் பிஓஇ வகையில் ஒயர் முற்றாகச் செத்தால் பெட்டியும் அணைந்துவிடும், போன் வேறிடம் தேடிக்கொள்ளும். வெளியில் போகும் ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது வேண்டாம். ஒயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

டேப்லெட் எடை மேசையை விட்டு நகர்வதில்லை என்றால் அதற்கு ரூட்டர் விட்டு ரூட்டர் தாவும் ரோமிங்கே தேவையில்லை. கொட்டகை ரூட்டரில் மட்டும் இரண்டாவதாக ஒரு பெயரை உருவாக்கி, டேப்லெட்டில் பழைய பெயரை மறக்கச் செய்து, புதியதில் மட்டும் இணையுங்கள். பாஸ்வேர்டை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.