ஹைட்ரோலிக் சிலிண்டர் வேகம்: கேள்வி பதில்

பருத்தித்துறை: அண்ணை, படகு எஞ்சின் தூக்கும் எங்கள் கிரேனின் கை, சுமையோடு இறங்கும்போது பாய்கிறது. ஒயில் உள்ளே போகிற பக்கம், ஓட்டத்தைக் குறைக்கும் வேக வால்வு பூட்டித்தான் இருக்கிறது.

பதில்: தம்பி, பூட்டிய பக்கந்தான் பிழை. இறங்கும்போது பிஸ்டனைத் தள்ளுவது சுமை. அது பம்ப் ஒயிலுக்காகக் காத்திருக்காது. வெளியேறும் பக்கம் திறந்து கிடந்தால் கை ஓடத்தான் செய்யும். சிலிண்டரின் அடிப்பக்கத்திலிருந்து வெளியேறும் ஒயிலை வால்வால் நெரித்துக் குறையுங்கள். தூக்கும்போது தடை வராமல் இருக்க, செக் வால்வு (ஒயிலை ஒரு திசையில் மட்டும் தடையில்லாமல் விடுவது) சேர்ந்த வேக வால்வை வாங்கி சிலிண்டர் வாயிலேயே பூட்டுங்கள். ஹோஸ் வெடித்தாலும் கை மெல்லத்தான் இறங்கும். சுமையைத் தொங்கவிட்டு நிறுத்தி வைக்க இது போதாது. சுமை தானாக இறங்காமல் பிடித்து வைக்கும் கவுண்டர்பாலன்ஸ் வால்வு வேண்டும். கையை நிலத்தில் இறக்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

சுன்னாகம்: ரிலீஃப் வால்வை (அழுத்தம் எல்லை மீறினால் ஒயிலைத் திருப்பி விடும் வால்வு) இறுக்கினால் வேகம் கூடுமா?

பதில்: பம்பின் ஒயில் முழுவதும் சிலிண்டருக்குப் போகிறதென்றால் வேகம் அதிகரிக்காது. 63 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள சிலிண்டரின் அடிப்பக்கத்துக்குள் நிமிடத்துக்கு 20 லீற்றர் போனால், பிஸ்டன் நொடிக்கு ஏறக்குறைய 10.7 சென்ரிமீற்றர் நகரும். அழுத்தம் பலத்துக்கு, ஒயில் அளவு வேகத்துக்கு.

கோப்பாய்: அப்படியென்றால் எல்லா இடத்திலும் வெளியேறும் பக்கத்தையே நெரிக்கலாமே? எங்கள் கராஜில் அப்படித்தான்.

பதில்: இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பிஸ்டன் தண்டு நீளும்போது தண்டுப்பக்கத்தை நெரிக்கிறீர்கள். அந்தப் பக்கப் பரப்பு சிறியது. அடிப்பக்கப் பரப்புக்கும் அதற்கும் விகிதம் 2:1 என்றால், பம்ப் 150 பார் அழுத்தம் கொடுக்க, சுமையில்லாத நேரம் தண்டுப்பக்கத்தில் 300 பார் வரை ஏறும்.

கோப்பாய்: இதுவரை ஒரு ஹோசும் வெடிக்கவில்லையே!

பதில்: அது ஹோஸ் தரமானது என்பதைத்தான் காட்டுகிறது. சுமை இழுக்கிறதா, எதிர்க்கிறதா என்று முதலில் பாருங்கள். எப்போதும் எதிர்க்கிற சுமைக்கு உள்ளே நெரித்தால் போதும்.

கிளிநொச்சி: ஒயில் கொதிக்கிறது, ஐயா.

பதில்: மிஞ்சிய ஒயில் ரிலீஃப் வழியாகத் திரும்புகிறது போல. 150 பாரில் நிமிடத்துக்கு 12 லீற்றர் திரும்பினால் 3 கிலோவாற் வெப்பம். சுமை அதிகம் மாறாவிட்டால் மிச்சத்தைப் பக்கவழியால் ஒயில் தாங்கிக்கு விடுங்கள். சுமைக்கு வேண்டிய அழுத்தத்தில் மட்டும் பம்ப் ஓடும். திறக்கும் முன் சுமையை இறக்குங்கள்!

மானிப்பாய்: அழுத்தத்தைக் கூட்டினால் வேகம்...

பதில்: சுன்னாகத்தவருக்குச் சொன்னதை வாசியுங்கள்.

நல்லூர்: எந்தக் கம்பனி வால்வு நல்லது?

பதில்: பெயர் சொல்லமாட்டேன். சுமை மாறுகிற இடமென்றால் அழுத்தத்தை ஈடுசெய்யும் வகையை, அதாவது சுமை மாறினாலும் ஒயில் ஓட்டத்தை மாறாமல் வைப்பதை, கேட்டு வாங்குங்கள்.

சங்கானை: ஹோசில் ஊசித்துளைக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? விரலால் தடவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அழுத்தத்தோடு பீறிடும் அந்த ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும், நோகாவிட்டாலும், உடனே போதனா வைத்தியசாலைக்குப் போய் ஹைட்ரோலிக் ஒயில் ஏறியது என்று சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரும்.