கடிக்க வரும் ஜூலிக்கு எந்த டாக்டர்?

கேள்வி: சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் லேப்ரடார் ஜூலிக்கு வயது 6, கருத்தடை செய்யவில்லை. தெருமுனையில் நாய்த்தீனிக் கடையோடு சேர்ந்த ஒரு கிளினிக் இருக்கிறது. 8 கி.மீ. தள்ளி ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் உள்ள பெரிய ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டுக்காரரோ, ‘கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியே போதும்’ என்கிறார். அடுத்த மாதம் தடுப்பூசி போட வேண்டும். ஊசியைப் பார்த்தாலே ஜூலி கடிக்க வரும். எங்கே போவது?
– வாசகி, திருவானைக்காவல்

பதில்: மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. தடுப்பூசி, காய்ச்சல், காதில் சீழ் போன்றவற்றுக்குத் தெருமுனைக் கிளினிக், ஆபரேஷனுக்கும் ராத்திரி அவசரத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு டாக்டர் இருப்பதன் அருமை அவசரத்தில்தான் தெரியும். லேப்ரடார் போல மார்புக்கூடு ஆழமான நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்வது உண்டு. வயிறு மத்தளம் போலாகும். வாந்தி எடுக்க முக்கும், ஒன்றும் வராது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் ட்ரிப்ஸ் ஏற்றி, வயிற்றுக் காற்றை இறக்கி, பெரிய இடத்துக்கு அனுப்பிவைக்கத் தெரிந்தவர் தெருமுனையில் இருந்தால் போதும், பாதி ஆபத்தைத் தாண்டிவிடலாம்.

அந்தக் கிளினிக் நம்பத்தகுந்ததா என்று பார்க்க, அடுத்த மாதத் தடுப்பூசியே நல்ல சாக்கு.

முதலில், ஊசி போடுவது யார்? கடையோடு சேர்ந்த கிளினிக்குகள் பலவற்றில் டாக்டர் மாலை இரண்டு மணி நேரம்தான் இருப்பார். மற்ற நேரத்தில் கடைக்காரரே ஊசியை எடுத்துவிடுவதும் நடக்கிறது. கால்நடை மருத்துவப் பட்டம் ஐந்தரை வருடப் படிப்பு. படித்து முடித்தவர் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் மருந்துச் சீட்டிலோ முத்திரையிலோ இருக்கும். உதவியாளர் டாக்டரின் மேற்பார்வையில் தடுப்பூசி போடலாம், கட்டுப் போடலாம். நோய்க்கு மருந்து எழுத முடியாது. நாளைக்கு ஜூலியை ரயிலில் கூட்டிப்போகச் சான்றிதழ் கேட்டால், பதிவு பெற்ற டாக்டரின் கையெழுத்துதான் செல்லும்.

அடுத்தது எடை. உள்ளே நுழைந்ததும் எடை மேடையில் ஏற்றுகிறார்களா, கண்ணால் பார்த்தே ‘ஒரு முப்பது கிலோ இருக்கும்’ என்கிறார்களா? மயக்க மருந்து முதல் உண்ணி மாத்திரை வரை எல்லாமே கிலோ கணக்குத்தான். பிறகு ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்க்க வேண்டும். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. ஈறின் நிறம், காது, கழுத்து நெறிக்கட்டு, வயிறு, நெஞ்சு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். காய்ச்சல் இருந்தால் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவார்கள். எதையும் பார்க்காமல் ஊசியைக் கையில் எடுப்பவரிடம் அடுத்த முறை போக வேண்டாம்.

ஃபிரிட்ஜையும் ஒரு கண் பாருங்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரோ ஐஸ் பெட்டியோ இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. சூடுதான் கெடுக்கும் என்று நினைத்து ஃபிரீசரில் வைப்பவர்களும் உண்டு. ரேபிஸ் தடுப்பூசி ஒருமுறை உறைந்துவிட்டால் அது வீண். கெட்டுப்போன மருந்தும் பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும், நாயும் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், அதுதான் சிக்கல். பல நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி இரண்டு குப்பியாக வரும்: ஒன்றில் காய்ந்த வெள்ளைக் கட்டி, இன்னொன்றில் திரவம். உங்கள் கண் முன்னால் கலந்து உடனே போட வேண்டும். குப்பியிலிருக்கும் ஸ்டிக்கரை உரித்து ஜூலியின் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்கும். நல்ல டாக்டர் நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒட்டியிருப்பார்.

அவர் எப்படி வைத்தியம் பார்ப்பார் என்பதை அறிய ஒரு கேள்வி போதும்: ‘டாக்டர், உண்ணிக் காய்ச்சல்னு சந்தேகம் வந்தா என்ன பண்ணுவீங்க?’ நம் ஊர் நாய்களை இதுதான் அதிகம் படுத்துகிறது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், தட்டணுக்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். உண்ணி கொண்டுவரும் கிருமி ஒன்றல்ல. எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை சுமார் 28 நாள். பேபீசியா என்றால் மருந்தே வேறு. எது என்று பார்க்காமல் ஒரு ஆன்டிபயாடிக்கும் ஒரு ஸ்டீராய்டும் போட்டால் நாய் அன்று மாலையே வாலாட்டிச் சாப்பிடும். மூன்றாம் நாள் ஈறு வெளுத்துப்போய்ப் படுத்துவிடும். முதல் நாள் வாலாட்டியதை நினைத்து, ‘அவர் கை ராசியான கை’ என்று அதே இடத்துக்குத் திரும்பப் போகிறவர்களே அதிகம். தெருமுனையில் மைக்ராஸ்கோப் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறாரா, ‘இது இங்கே முடியாது, அங்கே போங்கள்’ என்று வாய்திறந்து சொல்கிறாரா என்று பாருங்கள். அப்படிச் சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

போட்ட ஊசியின் பெயரை எழுதி வாங்கவும் மறக்காதீர்கள். பெயரில்லாத வெள்ளை மாத்திரைகளைக் காகித உறையில் மடித்துக் கொடுத்தால், நாளை ராத்திரி பெரிய ஆஸ்பத்திரியில் என்ன சொல்வீர்கள்? இங்கே ஸ்டீராய்டு போட்டது தெரியாமல் அங்கே மெலாக்ஸிகாம் மாதிரி வலி மருந்து கொடுத்தால் இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியும்.

இனி கருத்தடை. இதைச் செய்துவிடுவதே நல்லது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயது ஏற ஏறக் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் ஆபத்து கூடும். பெரும்பாலும் ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் வரும்: சோர்வு, குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது, சில சமயம் சீழ் வடிவது. அப்போது செய்யும் ஆபரேஷன் உயிரைப் பணயம் வைத்துச் செய்வது. நன்றாக இருக்கும்போது, ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்தால் ரத்தக் கசிவும் குறைவு.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள். அங்கும் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆறு வயது நாய்க்கு முன்கூட்டியே ரத்த எண்ணிக்கை, கிட்னி, ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும். மயக்கத்தின்போது நரம்பில் ஊசிக்குழாய், மூச்சுக்குழாயில் டியூப், ரத்த ஆக்சிஜன் காட்டும் கருவி மூன்றும் இருக்குமா என்று கேளுங்கள். கத்தி பிடிக்கும் டாக்டர் தவிர, மயக்கத்தை மட்டும் கவனிக்க இன்னொரு ஆள் நிற்பாரா? முடிந்த பிறகு ஜூலி தலை தூக்கும் வரை பக்கத்தில் யார் இருப்பார்? ‘காலையில விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் கூட்டிட்டுப் போகலாம்’ என்பது தப்பான பதில் இல்லை. கடைசிக் கேள்விக்கு யாரும் பெயர் சொல்லாமல் மழுப்பினால்தான் யோசிக்க வேண்டும். வலி மருந்து எத்தனை நாளைக்கு, தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு, 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பது, இதெல்லாம் சொன்ன தொகைக்குள் வருமா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

‘24 மணி நேரம்’ என்று போர்டில் எழுதப் பெயின்ட் மட்டும் போதும். ஒரு நாள் ராத்திரி 11 மணிக்குப் போன் செய்து, டாக்டர் உள்ளேயே இருக்கிறாரா, கூப்பிட்டால்தான் வருவாரா என்று கேட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும் முழுக்கத் தவறல்ல. அரசு மருத்துவமனையில் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், செலவும் மிகக் குறைவு. ஆனால் ஆடு மாடுகளின் கூட்டம் அதிகம். கடிக்க வரும் நாயை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பது கஷ்டம். சிக்கலான நோய் என்றால் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருப்பதை மனதில் வையுங்கள்.

கடிக்கும் விஷயத்துக்கு இன்றே வேலையைத் தொடங்கலாம். கூடை மாதிரியான வாய்க்கூடு ஒன்று வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வேண்டாம், அதில் நாய் வாய் திறந்து இரைக்க முடியாது. அதற்குள் நாலு துண்டு வேகவைத்த கோழி போட்டுத் தானே மூக்கை நுழைக்க விடுங்கள். தினம் இரண்டு முறை, இரண்டு வாரம். அதற்குப் பிறகே வாரைப் போட வேண்டும். கிளினிக்குக்கு முன்கூட்டியே போன் செய்து, ‘பயந்து கடிக்கும், வண்டியிலேயே காத்திருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். பயத்தைக் குறைக்க, கிளினிக்குக்குக் கிளம்பும் முன் கொடுக்கும் மாத்திரைகள் உண்டு. டாக்டர் எழுதினால் மட்டும் கொடுங்கள். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து அதட்டும் இடமாக இருந்தால் ஊசி போடாமலே திரும்பி வந்துவிடலாம்.

முதல் முறை போகும்போது சென்னை ஃபைலும், ஜூலிக்குக் கடைசியாக ஹீட் வந்த தேதியும், அன்று காலை மலத்தில் கொஞ்சம் ஒரு மூடிபோட்ட டப்பாவில் எடுத்ததும் கையில் இருக்கட்டும்.