விளக்கைப் போடாமல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கல்யாணமாகிப் பதினோரு வருடம். கணவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. என் உடம்பு, என் பேச்சு, என் வேலை, எதையும் விட்டுவைப்பதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் "இன்னுமா?" என்பார். அதனால் அவர் எதிரில் கொறிப்பதோடு சரி. அவர் தூங்கியபின் சமையலறையில் விளக்கைப் போடாமல், நின்றபடியே, கைக்குக் கிடைத்ததையெல்லாம் வயிறு வலிக்கும்வரை தின்கிறேன். காலிப் பாக்கெட்டுகளைக் குப்பைக்கு அடியில் தள்ளிவிடுவேன். வாரத்தில் மூன்று நாளாவது இப்படி. மறுநாள் பட்டினி. எனக்கு ஏன் மன உறுதியே இல்லை?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தோழிக்கு,

அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டேன்.

"விளக்கைப் போடாமல்" என்ற இடத்தைத் தாண்டி என்னால் வெகுநேரம் படிக்க முடியவில்லை. சொந்த வீட்டில், ஒரு வாய் சாப்பிட, திருடியைப்போல இருட்டில் நிற்கிறீர்கள். பகல் முழுக்க அந்தப் பேச்சையெல்லாம் முகத்தில் காட்டாமல் விழுங்குகிற உங்களுக்கா மன உறுதி இல்லை?

நீங்கள் சொல்வதற்கு மருத்துவத்தில் 'பிஞ்ச் ஈட்டிங்' (binge eating) என்று பெயர். பசியில்லாதபோதும் வேகவேகமாக, நிறுத்த முடியாமல், வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, பிறகு தன்னையே வெறுப்பது. வாரம் ஒருமுறையாவது என்று மூன்று மாதம் தொடர்ந்தால் அதைக் கோளாறாகக் கருதுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் இதைத் தனிக் கோளாறாகவே சேர்த்தது. உங்களுக்கு இருப்பது அதுதானா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

1980களில் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் எடைக் குறைப்பு சிகிச்சை ஒன்றை நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று உட்காரவைத்துக் கேட்டபோது, பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அவர் நோய் என்று நினைத்த பருமன் அவர்களுக்குக் காப்பாக இருந்திருக்கிறது. உங்கள் கதை வேறு. ஆனாலும் அந்த நள்ளிரவுச் சாப்பாடு உங்களுக்கு என்ன செய்துகொடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த அரைமணி நேரம் உங்களை யாரும் அளப்பதில்லை. மெல்லும்வரை மனசுக்குள் உங்கள் கணவரின் குரல் கேட்பதில்லை. எப்போதும் பயந்துகொண்டே இருக்கிற உடம்பில் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் சுரந்து பலருக்கு இனிப்பையும் கொழுப்பையும் தேடவைக்கும், அது வேறு.

அப்புறம் அந்தப் பட்டினி. அடுத்த ராத்திரிக்கு வழிபோட்டுக் கொடுப்பதே அதுதான். 1944–45இல் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மாதக்கணக்கில் அரைவயிற்றோடு இருந்தவர்களில் சிலர், பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது எவ்வளவு தின்றும் அடங்காமல் தவித்தார்கள். அவர்களைக் குத்திக்காட்ட யாரும் இல்லை. பசிக்கவிட்டதற்கே அந்தப் பாடு.

அதனால் முதலில் பட்டினியை விடுங்கள். இதற்கான பேச்சு சிகிச்சையும் வேளாவேளைக்குச் சாப்பிட வைப்பதில்தான் தொடங்கும். அவர் எதிரில் முடியாதென்றால் அவர் இல்லாத நேரத்தில் சாப்பிடுங்கள், ஆனால் தட்டில் போட்டு, உட்கார்ந்து, வெளிச்சத்தில். ராத்திரியில் அப்படித் தின்ற ஒவ்வொரு முறையும் அதற்கு முன் என்ன நடந்தது என்று சிகிச்சையில் குறித்துவைக்கச் சொல்வார்கள். அவர் உங்கள் போனையோ நோட்டையோ துழாவுகிறவர் என்றால் எழுதவே வேண்டாம், மனதில் வைத்தால் போதும். மருத்துவரிடம் போகும்போது "தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது எல்லாம் இருந்தால் தள்ளிப்போடாமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. "கை நீட்டியதில்லை" என்று அவருக்காக நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். துணையைத் தொடர்ந்து அச்சுறுத்தி, அடக்கி ஆள்வதை இங்கிலாந்தில் 2015இலேயே சட்டம் போட்டுக் குற்றமாக்கினார்கள். அதற்கு ஓர் அடிகூட விழுந்திருக்கத் தேவையில்லை. அவரை விட்டு வாருங்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். எப்போது, எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் நீங்கள் நம்புகிற ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு எழுதிய மின்னஞ்சலை அவர் பார்க்க வாய்ப்பிருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். அனுப்பியவை, குப்பை, இரண்டிலிருந்தும். வேறு முகவரியிலிருந்து எழுதினால் போதும், நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.