கொழும்பில் எட்டுப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு எந்த போன் லைன், எந்த இன்டர்நெட் எடுப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வெள்ளவத்தையில் எட்டுப் பேருடன் ஒரு டிராவல்ஸ் தொடங்குகிறீர்கள். இரண்டு நிறுவனங்களின் விற்பனையாளர்கள் வந்து கதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் ஃபைபரும் சிப் ட்ரங்கும் (இன்டர்நெட் முறையில் வரும் போன் லைன்) எடுக்கச் சொல்கிறார். மற்றவர் லீஸ்ட் லைன் (உங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கும் இன்டர்நெட் லைன்) இல்லாமல் பிஸ்னஸ் நடத்தவே முடியாது என்கிறார். வீட்டில் பாவிக்கிற மாதிரி ஒரு 4ஜி ரவுட்டரே போதும் என்பது உங்கள் மச்சானின் கருத்து. யார் சொல்வது சரி?

கொழும்பில் சின்ன அலுவலகங்களுக்கு பிஏபிஎக்ஸும் (அலுவலகப் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைப்பது) நெட்வொர்க்கும் போட்டுக்கொடுப்பது என் தொழில். எந்த நிறுவனத்துக்கும் நான் முகவர் இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு ஃபைபர், அதற்குத் துணையாக வேறொரு நிறுவனத்தின் 4ஜி, ஒரே நேரத்தில் நான்கு அழைப்புகள் போகக்கூடிய ஒரு சிப் ட்ரங்க், இவ்வளவும்தான் எடுப்பேன். லீஸ்ட் லைன் இப்போதைக்கு வேண்டாம். மச்சான் சொல்வதும் முழுப் பிழை இல்லை, அவருடைய 4ஜிக்கு இரண்டாவது இடம் இருக்கிறது.

வருகிற விற்பனையாளர்கள் எல்லோரும் எம்பிபிஎஸ்ஸில்தான், அதாவது இன்டர்நெட் வேகத்தின் அளவில்தான், கதையைத் தொடங்குவார்கள். நீங்கள் வேறு இடத்தில் தொடங்குங்கள். லைன் நின்றால் உங்கள் அலுவலகத்தில் எந்த வேலை நிற்கும், எவ்வளவு நேரம் நின்றால் உங்களால் தாங்க முடியும்? டிக்கெட் போடும் சிஸ்டம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் இவை மூன்றுக்கும் பெரிய வேகம் தேவையில்லை. ஆனால் டிக்கெட்டை உறுதிப்படுத்தும் நேரத்தில் அரை மணித்தியாலம் லைன் போனால், திரும்பி வரும்போது அந்த விலையில் இருக்கை இருக்காது. ஆக உங்களுக்கு 300 எம்பிபிஎஸ் ஒரு லைனைவிட, சாதாரண வேகத்தில் இரண்டு தனித்தனி லைன்கள் பெறுமதியானவை.

இந்தத் 'தனித்தனி' என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு ஃபைபர் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. இரண்டு கேபிளும் ஒரே ஒழுங்கையால் வந்து, ஒரே தூணில் தொங்கி, ஒரே குழாய் வழியாக மேலே ஏறும். குழாய்நீர் வேலைக்கு யாராவது வீதியைக் கிண்டினால், அல்லது உயரமான லொறி ஒன்று மாட்டி இழுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால்தான் இரண்டாவது லைன் காற்றில் வருவதாக இருக்கட்டும் என்கிறேன். 2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் அதன் தட்டுக்கு வானம் மறைவில்லாமல் தெரிய வேண்டும். அடுக்குமாடியில் மொட்டை மாடிக்கு அனுமதி வாங்குவதற்குள் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் நடுவில் உள்ள ஒழுங்கைகளில் அடுக்குமாடிகள்தான் அதிகம். வீதியில் ஃபைபர் போகிறது என்பதற்காக உங்கள் மூன்றாம் மாடிக்கு அது வந்துவிடாது. கட்டட முகாமைத்துவம் அனுமதி தர வேண்டும், கேபிள் ஏறும் குழாயில் இடம் இருக்க வேண்டும். சில கட்டடங்களில் ஒரே ஒரு நிறுவனம்தான் உள்ளே வயர் இழுத்திருக்கும். அங்கே தேர்வு என்ற கதைக்கே இடமில்லை. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னரே, அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓர் அலுவலகத்தில் போய் "உங்களிடம் யாருடைய லைன், எப்படி வேலை செய்கிறது?" என்று கேளுங்கள். விற்பனையாளரின் 'கவரேஜ் இருக்கு சேர்' என்ற வார்த்தையைவிட அது நம்பகமானது.

4ஜியைச் சோதிப்பதும் இலேசு. டயலொக், மொபிடெல், ஹட்ச் சிம்களை யாரிடமாவது வாங்கி, அந்த அறையிலேயே வேலை நேரத்தில் வேகம் பாருங்கள். யன்னலோரம் ஒன்று காட்டும், மேசையில் வேறொன்று காட்டும். பதிவிறக்க வேகத்தோடு நின்றுவிடாமல் பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். ஒரு டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் உள்ள எல்லோரும் பங்குபோடுகிறார்கள். வெள்ளவத்தை குடியிருப்புப் பகுதி என்பதால் இரவு எட்டு மணிக்கு 4ஜி திணறும். நீங்கள் ஆறு மணிக்குக் கடையைப் பூட்டுகிறவர்கள் என்றால் அது உங்கள் பிரச்சினை இல்லை.

இனி போன். இதில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

கொழும்பின் 011க்குப் பிறகு வரும் முதல் இலக்கமே நம்பர் யாருடையது என்று சொல்லிவிடும். 2 என்றால் ஸ்ரீ லங்கா டெலிகொம். 4, 7 என்றால் டயலொக் (4இல் தொடங்குபவை முன்னர் சன்டெல் வைத்திருந்தவை, 2012இல் டயலொக் அதை வாங்கியது). 5 என்றால் லங்கா பெல். 2இல் தொடங்கும் நம்பர் இருந்தால்தான் பழைய, உறுதியான கடை என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் புறக்கோட்டைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். டிராவல்ஸுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் ஒரு நம்பரைப் பலகையிலும் விசிட்டிங் காட்டிலும் அடித்த பிறகு மாற்றுவது பெரிய தலையிடி. அலுவலகம் தெஹிவளைக்கு மாறினால் நம்பரும் கூட வருமா என்று இப்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

சிப் ட்ரங்க் என்பது இன்டர்நெட் தொழில்நுட்பத்தில் ஓடும் போன் லைன். பழைய செப்புக் கம்பியில் ஒரு வயருக்கு ஓர் அழைப்பு. நான்கு பேர் ஒரே நேரத்தில் கதைக்க வேண்டுமென்றால் நான்கு லைன் எடுத்து ஹன்டிங் (ஒரு லைன் பிஸி என்றால் அழைப்பு அடுத்த லைனுக்குப் போகும் வசதி) போட வேண்டும். சிப் ட்ரங்கில் ஒரே நம்பர், எத்தனை சனல் (ஒரு சனல் என்றால் ஓர் அழைப்பு) என்று மட்டும் சொன்னால் போதும். எட்டுப் பேருக்கு நான்கு சனல் தாராளம். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வாட்ஸ்அப்பில்தான் கதைப்பார்கள், டொரன்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் உங்கள் 011க்கு எடுக்கவே போவதில்லை.

இதற்கு எவ்வளவு இன்டர்நெட் தேவை? நல்ல தரத்தில் ஓர் அழைப்புக்குப் போகவும் வரவும் ஏறத்தாழ 90 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் ஓர் எம்பிபிஎஸ்). நான்கு அழைப்புக்கும் சேர்த்து அரை எம்பிபிஎஸ்கூட வராது. அப்படியானால் நல்ல ஃபைபர் இருந்தும் குரல் வெட்டி வெட்டிக் கேட்பது ஏன்? பெரும்பாலும் காரணம் பதிவேற்றம். யாரோ ஒருவர் கடவுச்சீட்டுப் பிரதிகளை மொத்தமாக ட்ரைவில் ஏற்றுகிறார், அல்லது கேமராப் பதிவு க்ளவுட்டுக்குப் போகிறது. மேலே போகும் பாதை நிறைந்து, குரலைச் சின்னத் துண்டுகளாகச் சுமக்கும் பொதிகள் வரிசையில் காத்திருக்கின்றன. ஒரு பக்கக் குரல் மற்றப் பக்கம் போய்ச் சேர 150 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்து, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் இது தீரும். பக்கேஜைப் பெரிதாக்கச் சொல்லும் விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார். போன் சேவையையும் ஃபைபரையும் ஒரே நிறுவனத்திடம் எடுத்தால், குரலுக்குத் தனிப் பாதை பிரித்துத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

பிஏபிஎக்ஸ் பெட்டியை வாங்குவதா, க்ளவுட்டில் எடுப்பதா? க்ளவுட்டில், அதாவது நிறுவனத்தின் சேர்வரில், ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு (உள் போன் ஒன்றுக்கு) மாதம் இவ்வளவு என்று போகும். அதை எட்டால் பெருக்கி, 24 மாதத்தால் பெருக்கி, ஒரு சின்ன ஐபி பிஏபிஎக்ஸின் விலையோடு ஒப்பிடுங்கள். எனக்குப் பெட்டிதான் பிடிக்கும். இன்டர்நெட் போனாலும் உள்ளுக்குள் ஒருவருக்கொருவர் கதைக்கலாம் என்பது ஒரு காரணம். ஆனால் பெட்டி வைத்தால் பொறுப்பும் உங்களுடையது. எக்ஸ்டென்ஷன் 101க்குக் கடவுச்சொல்லும் 101 என்று விட்டுவைத்த பிஏபிஎக்ஸ்களை இன்டர்நெட்டில் தானாகத் தேடித் திரியும் புரோகிராம்கள் இருக்கின்றன. சனி இரவு உள்ளே நுழைந்து, திங்கள் காலைக்குள் யாரும் கேள்விப்படாத நாடுகளுக்கு மணிக்கணக்கில் அழைப்பு எடுத்துவிடுவார்கள். பில் உங்கள் பெயரில் வரும். வெளிநாட்டு அழைப்புத் தேவையில்லை என்றால் ஐடிடியை நிறுவனத்திடமே சொல்லிப் பூட்டுங்கள். தேவை என்றால் மாத உச்சவரம்பு ஒன்று போடச் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், டிராவல்ஸ்காரருக்கு உதவும். 011 நம்பரிலேயே வாட்ஸ்அப் பிஸ்னஸ் திறக்கலாம். உறுதிப்படுத்தும் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக அழைப்பில் கேட்டு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் "தமிழுக்கு 1ஐ அழுத்தவும்" என்ற பதிவுக் குரலை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குறியீட்டை உங்கள் இயந்திரத்திடம் வாசித்துக் காட்டிவிட்டு வைத்துவிடும்.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் இலங்கையில் இந்தக் கதை முடியாது. பழைய செப்பு லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வரும், வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் அடிக்கும். ஃபைபரில் அது கிடையாது. சுவரில் மாட்டும் பெட்டி, ரவுட்டர், நெட்வொர்க் சுவிட்ச், பிஏபிஎக்ஸ், மேசைப் போன் எல்லாமே கரண்ட் கேட்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்திருக்கிறோம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலைக்கு நாடே இருண்டது. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போதும், அவை இழுக்கும் மின்சாரம் ஒரு எல்இடி பல்பு, இரண்டு பல்பு அளவுதான். பிஏபிஎக்ஸுக்கும் சுவிட்சுக்கும் சாதாரண கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒன்று. மின்வெட்டு நீண்டால் டவர்களின் பேட்டரியும் இறங்கும், அப்போது 4ஜியை நம்ப வேண்டாம். அதையும் தாண்டி, உங்கள் பக்கம் எல்லாமே செத்தாலும் 011க்கு வரும் அழைப்பு ஒரு கைத்தொலைபேசிக்குத் திரும்புகிற மாதிரி நிறுவனத்தின் பக்கமே அமைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், முழு ஒப்பந்தத்திலும் அதிகம் பயன்படப் போகும் வசதி அதுவாகத்தான் இருக்கும்.

லீஸ்ட் லைன்காரர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. யாருடனும் பங்குபோடாத வேகம், போகவும் வரவும் ஒரே அளவு, நிலையான ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி), எஸ்எல்ஏ (லைன் எவ்வளவு நேரம் நிற்காமல் இருக்கும் என்ற எழுத்து உத்தரவாதம்). அந்த எஸ்எல்ஏ எண்ணை மட்டும் மணித்தியாலமாக்கிப் பாருங்கள். 99.5 சதவீதம் என்பது 30 நாள் மாதத்தில் 3 மணித்தியாலம் 36 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். 99.9 என்றால் 43 நிமிடம். அதையும் மீறினால் வழக்கமாகக் கிடைப்பது வாடகையில் கழிவு, போன டிக்கெட்டுக்கு யாரும் ஈடு தரப் போவதில்லை. சொந்த சேர்வர் வைத்திருப்பவர்கள், கோல் சென்டர்கள், கிளைகளோடு நாள் முழுக்க இணைந்திருப்பவர்கள் எடுக்கட்டும். அந்த மாத வாடகையில் உங்களுக்கு ஃபைபரும் 4ஜியும் சிப் ட்ரங்கும் வந்து மிச்சமும் இருக்கும்.

நிலையான ஐபியும் பலர் தேவையில்லாமல் கட்டும் காசு. இப்போதைய கேமராக்கள் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் நிலையான ஐபி இல்லாமலே கைத்தொலைபேசியில் தெரியும்.

விலை பேசும்போது வரிக்கு முந்திய தொகையைத்தான் சொல்வார்கள். 2024 ஜனவரியில் இருந்து வற் 18 சதவீதம், போன் கட்டணத்தில் வேறு வரிகளும் சேரும். "கையில் கட்டுவது எவ்வளவு?" என்று கேளுங்கள். 'அன்லிமிட்டட்' என்றால் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், குறைந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் என்ன தண்டம், ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பவை கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

இணைப்பைக் கட்டாயம் வியாபாரப் பதிவின் பெயரில் எடுங்கள். அவசரத்துக்கு முகாமையாளரின் அடையாள அட்டையைக் கொடுத்து லைன் எடுத்தால், அவர் நாளைக்குக் கனடா போனாலும் நம்பர் அவர் பெயரில்தான் இருக்கும். கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடையில் பங்காளிகள் பிரிந்தபோது அந்தக் கடையின் நம்பர் இப்படித்தான் ஒருவரோடு போனது. மற்றவர் பலகையை மாற்றி எழுதினார்.

எத்தனையாம் மாடி, கட்டடத்தில் ஏற்கெனவே யாருடைய ஃபைபர் இருக்கிறது என்று கீழே எழுதினால், ரவுட்டரையும் பிஏபிஎக்ஸையும் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.