கால் வளைவை நிமிர்த்தும் அறுவையில் ஏன் டைட்டானியம் தகடு?

இந்த அறுவையில் கால் எலும்பை வெட்டி நிமிர்த்தி, அது கூடும்வரை தகடும் திருகுகளும் வைத்துப் பிடித்துவைப்பார்கள். எஃகுதானே உறுதி, பிறகு ஏன் டைட்டானியத் தகடு என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பு விஷயத்தில் விறைப்பு கூடக்கூட நல்லது என்று சொல்ல முடியாது. கெட்டியான எலும்பின் மீள்மைக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 20 ஜிகாபாஸ்கல். டைட்டானியக் கலவைக்கு 110, எஃகுக்கு ஏறக்குறைய 190. தகடு மிக விறைப்பாக இருந்தால் சுமையில் பெரும்பகுதியை அதுவே தாங்கிக்கொள்ளும். வேலை இல்லாத எலும்பு மெலியும். டைட்டானியம் கொஞ்சம் நெகிழும். வெட்டிய இடத்தில் கிடைக்கும் அந்த நுண்ணிய அசைவுதான் புது எலும்பைத் தூண்டுகிறது.

அப்புறம், திருகுத் தலை தகட்டிலேயே மரையால் பூட்டிக்கொள்ளும். தகட்டை எலும்போடு அழுத்த வேண்டாம், அதனால் அடியில் ரத்த ஓட்டம் கெடாது.

ஆனால் உலோகத்தைவிட நான் முக்கியமாகக் கருதுவது, உள்பக்கம் வெட்டி விரிக்கும்போது வெளிப்பக்கம் வெட்டாமல் விடும் எலும்புக் கீலைத்தான். அது முறிந்தால் எந்தத் தகட்டுக்கும் சுமை கூடிவிடும்.